எலும்புக்கரி வாளி வடிகட்டி: நல்லம்பள்ளிப் பெண்கள் கேட்டதற்கு ஒரு மதிப்புரை

மாட்டெலும்பைக் காற்று அதிகம் புகாத சூளையில் சுட்டுக் கரியாக்கி, அதை நொறுக்கிச் சலித்து ஒரு வாளியில் நிரப்பினால், அதன் வழியே இறங்கும் தண்ணீரில் கரைந்திருக்கும் புளோரைடை அந்தக் கரி பிடித்து வைத்துக்கொள்ளும். இந்த ஒரு வேலைக்காகவே செய்யப்படும் வாளி வடிகட்டியைத்தான் இங்கே மதிப்பிடுகிறேன். தான்சானியாவின் வடபகுதியில், அருஷா நகருக்கும் மோஷிக்கும் இடையே, மேரு மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் சமூகத் தன்னார்வலராக வாழ்ந்துவரும் நான், அங்கே குடிப்பதும் சமைப்பதும் இந்த வாளியில் இறங்கிய தண்ணீரைக் கொண்டுதான். விடுப்பில் நல்லம்பள்ளிக்கு வந்தபோது, எங்கள் மகளிர் சுயஉதவிக் குழுவின் பெண்கள் அந்த ஊரின் யானையைப் பற்றியோ மலையைப் பற்றியோ கேட்கவில்லை. “அக்கா, அந்த வாளி நம்ம ஊர் போர் தண்ணிக்கும் ஆகுமா?” என்றுதான் கேட்டார்கள். தருமபுரி மாவட்டத்தில் பிறந்தவர்கள் வேறு எதைக் கேட்பார்கள்?

குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறையை ஏற்றும் மிகையான புளோரைடு, இரண்டு ஊர்களுக்கும் பொதுவான துன்பம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் அடியில் கிடப்பவை கருங்கல்லும் நைஸ் (gneiss) என்னும் உருமாறிய பாறையுமாகும். அவற்றிலுள்ள பயோடைட், அபடைட் முதலிய கனிமங்களில் புளோரைடு இருக்கிறது. மழை குறைந்து, ஆழ்துளைக் கிணறுகள் ஆண்டுக்கு ஆண்டு கீழே போகப் போக, பாறை இடுக்கில் நெடுங்காலம் தங்கிய நீர் அந்தப் புளோரைடைக் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. மேரு மலையோ எரிமலை. சோடியம் மிகுந்தும் கால்சியம் குறைந்தும் உள்ள அதன் பாறைகளின் வழியே வரும் ஊற்றுகளும் ஓடைகளும், பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும், நம் ஊரின் மோசமான கிணறுகளையும் விஞ்சும் அளவுக்குப் புளோரைடைச் சுமந்து வருகின்றன. உலக நலவாழ்வு நிறுவனம் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பை வைத்திருக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராமை உச்ச அளவாகவும் குறித்திருக்கிறது. தான்சானியா நெடுங்காலம் இதைவிட மிக அதிகமான அளவைப் பொறுத்துக்கொண்டது, 1.5 என்று கட்டாயப்படுத்தினால் வடக்கே பல ஊர்களில் குடிக்க எந்த நீரையுமே அனுமதிக்க முடியாது என்பதுதான் அங்கிருந்த நிலை. அந்த ஊர்ப் பள்ளியில் குழந்தைகள் சிரிக்கும்போது தெரியும் பழுப்புப் பற்களைக் கண்டதும் எனக்குப் பென்னாகரமும் காரிமங்கலமும் நினைவுக்கு வந்தன. இந்தப் பொருளை நான் இவ்வளவு அக்கறையுடன் கவனித்ததற்குக் காரணம் அதுதான்.

வடிகட்டியின் அமைப்பில் மறைபொருள் ஒன்றுமில்லை. மூடியுள்ள 20 லிட்டர் பிளாஸ்டிக் வாளி, அடியில் சரளைக் கல், அதன்மேல் ஏறத்தாழ 10 கிலோ எலும்புக்கரி, பக்கவாட்டில் அடிப்பகுதியில் ஒரு குழாய், தண்ணீர் இறங்கிச் சேர இன்னொரு வாளி ஆகியவையே அதன் உறுப்புகள். மின்சாரம் வேண்டியதில்லை, தேயும் பாகம் குழாயைத் தவிர வேறில்லை, குழாய் கெட்டால் எந்தச் சந்தையிலும் வேறொன்று கிடைக்கும். கரியின் தரத்தில்தான் எல்லாம் இருக்கிறது. எலும்பை ஏறத்தாழ 400 முதல் 500 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட வேண்டும். போதிய சூடு ஏறாத கரி பழுப்பாக இருக்கும், தண்ணீரில் கொழுப்பு நாற்றத்தை ஏற்றிவிடும். அளவுக்கு மீறிச் சுட்டால் எலும்பு வெளுத்துச் சாம்பலாகி, புளோரைடைப் பிடிக்கும் திறனில் பெரும்பகுதியை இழந்துவிடும். நல்ல கரி ஒரே சீராகக் கறுத்திருக்கும். துகள்கள் அரை மில்லிமீட்டர் முதல் 4 மில்லிமீட்டர் வரை இருக்கும். நான் வாங்கியது ஊர்ப் பட்டறை ஒன்றில் செய்தது. முதலில் கழுவிய நீர் மஞ்சளாக வடிந்தது. அது நிறமற்றுப் போகும்வரை கழுவிய பிறகு வாசனையோ சுவை வேறுபாடோ சிறிதும் இல்லை. இவ்வளவு சாதாரணமான பொருள்களைக் கொண்டு இவ்வளவு நல்ல தண்ணீர் கிடைப்பதைக் கண்டு நான் உண்மையிலேயே மகிழ்ந்தேன்.

அன்றாட வாழ்வில் இந்த வாளி கேட்பது நேரத்தை. தன்னார்வலரின் ஒரு நாள் அங்கே தண்ணீர் எடுப்பதில்தான் தொடங்குகிறது. விடியும் முன்பே பொதுக்குழாயில் மஞ்சள் கேன்கள் வரிசை கட்டிவிடும். மூத்தவர்களுக்கு முறைப்படி வணக்கம் சொல்லி, அவர்கள் வீட்டு நலனை ஒவ்வொன்றாக விசாரித்து முடிக்கும்போது நம் முறை வந்திருக்கும். கொண்டுவந்த நீரை மேல் வாளியில் ஊற்றியவுடன் குழாயை முழுவதும் திறந்துவிட்டால் பயனில்லை, ஏனெனில் தண்ணீர் கரியோடு தங்கும் நேரம் குறைந்தால் புளோரைடு அதிலேயே இருந்துவிடும். நூல் போல வடியும்படி குழாயைத் திருகி வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போவேன். மதியம் திரும்பும்போது கீழ்வாளி நிறைந்திருக்கும். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 20 லிட்டர் போதும் என்பதால், இந்த வேகம் குறையாகத் தோன்றவில்லை. குளியலுக்கும் துணி துவைக்கவும் குழாய்த் தண்ணீரே போதும், தோலின் வழியே புளோரைடு உடலுக்குள் பொருட்படுத்தும் அளவுக்குச் செல்வதில்லை. ஆனால் திடீரென விருந்தினர் பத்துப் பேர் வந்துவிட்டால், அந்த ஊரில் அது அடிக்கடி நிகழும், அவசரத்தில் குழாயை முழுவதும் திறந்துவிடும் பழக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. முன்கூட்டியே சேர்த்து வைக்க மூன்றாவது வாளி ஒன்று இருப்பது நல்லது. அதையும் சேர்த்தே விற்றிருக்கலாம்.

இப்போது இந்தப் பொருளின் பெரிய குறைக்கு வருகிறேன். கரி புளோரைடால் நிறைந்து, மேலும் பிடிக்க முடியாமல் போனதை வடிகட்டி எந்த வகையிலும் காட்டிக்கொடுப்பதில்லை. மண்ணோ பாசியோ சேரும் வடிகட்டி அடைத்துக்கொண்டு நின்றுவிடும், நமக்குத் தெரிந்துவிடும். புளோரைடுக்கோ நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. கரி பிடிப்பதை நிறுத்திய பிறகும் தண்ணீர் முன்போலவே தெளிவாக, முன்போலவே சுவையாக வடிந்துகொண்டிருக்கும். எத்தனை நாள் உழைக்கும் என்பதைக் கணக்கிட்டுத்தான் அறிய வேண்டும். ஒரு கிராம் கரி 2 மில்லிகிராம் புளோரைடைப் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். 10 கிலோ கரி 20,000 மில்லிகிராமைப் பிடிக்கும். லிட்டருக்கு 5 மில்லிகிராமை நீக்க வேண்டிய தண்ணீரை நாளுக்கு 20 லிட்டர் ஊற்றினால், நாளொன்றுக்கு 100 மில்லிகிராம். ஆக 200 நாள். அதே வாளியில் லிட்டருக்கு 10 மில்லிகிராமை நீக்க வேண்டிய ஊற்று நீரை ஊற்றினால் 100 நாளில் முடிந்துவிடும். கரியின் தரமும் நீரின் காரத்தன்மையும் இந்தக் கணக்கை இன்னும் மாற்றும். பட்டறையில் எல்லாருக்கும் ஒரே காலக்கெடுவைச் சொல்லி அனுப்புகிறார்கள், எந்த ஊற்றின் நீரை ஊற்றப்போகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஒரு வீட்டில் பழைய கரியை மாற்றாமலே மழைக்காலம் ஒன்றைக் கடத்தியிருந்தார்கள். வடிந்த நீரைச் சோதனைக் கருவியில் பார்த்தபோது, புளோரைடு மிகுந்திருப்பதற்கு அடையாளமாக, சாயத்தின் சிவப்பு முற்றிலும் வெளுத்து மஞ்சளாகிவிட்டது. அந்த வீட்டுத் தாய் தினமும் சிரமப்பட்டு வடிகட்டித்தான் தன் குழந்தைகளுக்குக் கொடுத்திருக்கிறார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. நிலைத்த பற்களின் எனாமல் ஏறத்தாழ எட்டு வயதுக்குள் உருவாகிவிடுகிறது. அந்த ஆண்டுகளில் ஏறிய கறையைப் பின்னால் எந்த நல்ல தண்ணீரும் போக்குவதில்லை.

ஆகவே இந்த வாளியைத் தனி ஒரு வீடு வாங்கித் தனியாக வைத்துக்கொள்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். குழுவாக வாங்கி, குழுவாகப் பராமரித்த இடங்களில்தான் அது சொன்ன வேலையைத் தவறாமல் செய்தது. தான்சானியச் சிற்றூர்களில் விகோபா என்னும் சேமிப்புக் குழுக்கள் இருக்கின்றன. வாரம் ஒருமுறை மரத்தடியில் கூடி, பணத்தை எல்லார் முன்னிலையிலும் எண்ணிப் பெட்டியில் பூட்டுவார்கள். கூலி வேலை செய்யும் குடும்பத்தால் வடிகட்டியின் விலையை ஒரே தவணையில் தர இயலாது என்பதால், குழுக் கடனாக வாங்கிக்கொண்டார்கள். நான் செய்த உதவி, கடன் பதிவேட்டிலேயே இரண்டு கட்டங்களைக் கூடுதலாகப் போடச் சொன்னதுதான்: கரி நிரப்பிய தேதி ஒன்று, எந்த ஊற்று அல்லது குழாய்த் தண்ணீர் என்பது இன்னொன்று. தவணை கட்ட வரும்போது கரியின் வயதும் வாசிக்கப்படும். யோசனை என்னுடையதன்று, தருமபுரியுடையது. தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989 ஆம் ஆண்டில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு முதன்முதலில் தொடங்கப்பட்டது நம் மாவட்டத்தில்தான். கையெழுத்துப் போடத் தெரியாத பெண்கள்கூடப் பதிவேட்டில் ஒரு வரி விடுபட்டால் கண்டுபிடிக்கும் பயிற்சியை அந்தக் குழுக்களில் பெற்றார்கள். என் தாயும் அவர்களில் ஒருவர். அயல்நாட்டில் நான் செய்துவரும் வேலையில் பயன்பட்டவற்றுள் பெரும்பாலானவை அந்தக் குழுக் கூட்டங்களில் கற்றவையே.

வடிகட்டியின் எல்லைக்கு வெளியே இருக்கும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அதை அறியாமல் வாங்குபவர் ஏமாற்றமடைவார். அந்தப் பகுதியில் அவரையும் மக்காச்சோளமும் சேர்த்து வேகவைக்கும்போது, விரைவில் மசிவதற்காக மகாடி என்னும் ஏரி உப்பை ஒரு சிட்டிகை போடுவார்கள். விறகு விலை ஏறிய ஊரில் அது சிக்கனமான வழிதான். ஆனால் சோடா ஏரிகளின் கரையில் வெட்டியெடுக்கப்படும் அந்த உப்பில் புளோரைடு மிகுதியாக இருக்கக்கூடும். வாளியில் பொறுமையாக வடித்தெடுத்த நல்ல தண்ணீரில் அதைப் போட்டுக் கொதிக்கவிட்டால், வெளியேற்றிய புளோரைடு மீண்டும் சட்டிக்குள் வந்துவிடும். அவரையை முதல் நாள் இரவே ஊறப்போட்டால் மகாடி தேவைப்படாது என்பதை வீடு வீடாகச் சென்று சமைத்துக் காட்டினோம். நான் தங்கியிருக்கும் வீட்டின் அம்மா முதலில் ஏற்கவில்லை. அவருடைய அம்மா அப்படித்தான் சமைத்தாராம். பிறகு ஊறவைத்த அவரையின் சுவை பிடித்துப்போய், அவரே பக்கத்து வீடுகளுக்குச் சொல்லத் தொடங்கினார். தேயிலையும் இயல்பாகவே புளோரைடைச் சேர்த்து வைக்கும் செடி என்பதால், சிறு குழந்தைகளுக்குக் கடுந்தேநீர் தருவதையும் குறைக்கச் சொன்னோம். உணவைப் பொறுத்தவரை நம் ஊர் ஒரு வகையில் நற்பேறு பெற்றது. அங்கே மூன்று வேளையும் மக்காச்சோள மாவில் கிண்டும் உகாலி நம் களியைப் போலவே இருந்தாலும், கேழ்வரகில் உள்ள கால்சியத்தில் சிறு பங்குகூட அதில் இல்லை. குடலில் புளோரைடைக் கட்டி அது உடலில் ஏறுவதைக் குறைப்பது கால்சியம்தான்.

தண்ணீரைக் கொதிக்கவைத்தால் போதாதா என்று இங்கே பலரும் கேட்டார்கள். கொதிக்கவைத்தால் கிருமி சாகும். புளோரைடு போகாது, நீர் ஆவியாகிச் சுண்டும் அளவுக்கு அதன் செறிவு கூடவே செய்யும். வடிகட்டியின் நிலை இதற்கு நேர்மாறானது: புளோரைடைப் பிடிக்கும், கிருமியைக் கொல்லாது. பல நாள் நீர் ஊற்றாமல் ஈரமாகக் கிடந்த கரியில் கிருமி பெருகவும் வாய்ப்புண்டு. எனவே வடிகட்டிய பிறகு கொதிக்கவைக்க வேண்டும். வரிசை மாறக் கூடாது, கொதிநீரைக் கரியில் ஊற்றவும் கூடாது.

நல்லம்பள்ளிப் பெண்களின் கேள்விக்கு இனி நேராகவே விடை சொல்கிறேன். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் ஒழுங்காக வரும் வீட்டுக்கு இந்த வாளி வேண்டியதில்லை. 2008 ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பட்டு, ஜப்பானின் கடனுதவியுடன் நிறைவேற்றப்பட்டு, 2013 ஆம் ஆண்டில் பயன்பாட்டுக்கு வந்த அந்தத் திட்டத்தின் பெயரிலேயே புளோரோசிஸ் (மிகையான புளோரைடால் பல்லும் எலும்பும் கெடும் நோய்) பாதிப்பைத் தணிப்பது என்ற நோக்கம் சேர்க்கப்பட்டிருக்கிறது. காவிரி நீரைவிட நல்ல தீர்வு எந்த வடிகட்டியிலும் இல்லை. சிக்கல், நீர் வராத நாட்களிலும், மேல்நிலைத் தொட்டியில் காவிரி நீரோடு ஆழ்துளைக் கிணற்று நீரைக் கலந்து விடும் ஊர்களிலும்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் இருப்பவர்கள் முதலில் தொட்டி நீரைச் சோதித்துப் பார்க்க வேண்டும். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊர்ப் பெண்களுக்குக் கள ஆய்வுப் பெட்டியைக் கையாளப் பயிற்சி தரப்பட்டிருக்கிறது, அதில் புளோரைடு சோதனையும் உண்டு. அளவு மீறியிருந்தால், இந்த வாளி நம் ஊர் போர் தண்ணீருக்கும் ஆகும்.

மாட்டெலும்பு என்றதுமே எங்கள் குழுவில் இரண்டு மூத்த பெண்கள் முகம் சுளித்தார்கள். “எலும்புல இறங்கின தண்ணிய சாமிக்கு எப்படிம்மா வைக்கிறது?” என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். வீட்டில் உள்ளோர் மனமொப்பிக் குடிக்காத தண்ணீரால் யாருக்கும் நன்மை இல்லை. இந்தியாவில் எலும்புக்கரி பரவாமல் போனதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அவர்களுக்கு ஏற்றது செயலூட்டிய அலுமினா (அலுமினிய ஆக்சைடுத் துகள்கள்) நிரப்பிய வடிகட்டி. ராஜஸ்தானின் துங்கர்பூர் போன்ற இடங்களில் யூனிசெஃப் ஆதரவுடன் வீடுகளில் பயன்படுத்தப்பட்ட இதில் விலங்குப் பொருள் எதுவுமில்லை. நிறைவடைந்த பிறகு காரமும் அமிலமும் கொண்டு கழுவிப் புதுப்பிக்கலாம் என்றாலும், அதை வீட்டில் செய்யக் கூடாது, பயிற்சி பெற்றவரிடம்தான் விட வேண்டும். படிகாரமும் சுண்ணாம்பும் கலந்து தெளியவைக்கும் நல்கொண்டா முறை நாக்பூரின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கியது; அது தான்சானியா வரை சென்று சேர்ந்தது என்பதை அறிந்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் நாள்தோறும் அளந்து, கலக்கி, வண்டலை அகற்றும் வேலையை வயலுக்குப் போகும் பெண்ணின் தலையில் கட்டுவது நியாயமாகப் படவில்லை. எதிர்ச்சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) இயந்திரம் புளோரைடை நன்றாகவே நீக்கும். கொட்டிப்போகும் நீரின் அளவையும் மின்கட்டணத்தையும் தாங்கக்கூடியவர்கள் அதை வாங்கலாம். 20 லிட்டர் கேன் தண்ணீரை வாங்கிக் குடிப்பவர்களில் பலர் சமைப்பதற்குப் போர் தண்ணீரையே பயன்படுத்துகிறார்கள். உலையில் வற்றும் அந்த நீரின் புளோரைடு முழுவதும் சோற்றிலும் குழம்பிலும் தங்குகிறது.

மழைநீரில் புளோரைடு அநேகமாக இல்லை. மேரு மலையடிவாரத்தில் மார்ச் முதல் மே வரை பெருமழையும், ஆண்டின் இறுதியில் சிறுமழையும் பெய்யும். தகரக் கூரையிலிருந்து தொட்டியில் பிடித்து வைத்த வீடுகளில் அந்த மாதங்களில் கரிக்கு ஓய்வு கொடுத்து, அதன் ஆயுளை நீட்டிக்கொண்டார்கள். நம் வீடுகளில் 2003 ஆம் ஆண்டில் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்க் குழாய்களில் பெரும்பாலானவை நிலத்துக்குள் இறங்குகின்றன. அவற்றில் ஒன்றை மட்டும் முதல் மழையை வெளியேற்றிவிட்டுத் தொட்டிக்குத் திருப்பினாலே சில வாரங்களுக்குச் சமையல் நீர் கிடைக்கும்.

வாங்க விரும்புவோர் நான்கைந்து வீடுகளாகச் சேர்ந்து வாங்குங்கள். கரியைக் கையில் எடுத்துப் பார்த்துச் சீராகக் கறுத்திருந்தால் மட்டும் பணம் கொடுங்கள். மாற்றுக் கரி எங்கே, என்ன விலைக்குக் கிடைக்கும் என்று முதலிலேயே கேளுங்கள், ஏனெனில் வாளி ஒருமுறைச் செலவு, கரியோ தொடர்ந்து வரும் செலவு. செய்து விற்போரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. சோதனைச் சாயத்தில் ஒரு சிறு புட்டியையும், நிறத்தை ஒப்பிடும் அட்டை ஒன்றையும் ஒவ்வொரு வாளியோடும் சேர்த்து, அதன் விலையையும் சேர்த்தே வாங்கிக்கொள்ளுங்கள். மூடியின் உட்பக்கத்தில் கரி நிரப்பிய தேதியை எழுத ஓர் இடமும் விடுங்கள்.